நாடுகடத்தலுக்கு முந்திய நெடுங்காவல்: அதன் நியாயமும் எல்லையும்

காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்குக் கடல் கடந்த வாழ்வு புதிதன்று. நாகப்பட்டினத் துறையில் ரஜூலாக் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன பாட்டனார்களின் பேரப்பிள்ளைகள் இன்று திருச்சி விமான நிலையத்தின் வழியே கோலாலம்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். அக்கரையில் யுத்தம் மூண்ட காலத்தில் பாக் நீரிணையைக் கடந்து இக்கரை சேர்ந்த ஈழத்து மக்களுள் சிலர், பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கத்து ஊர்களில் பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் நமக்கு உறவினராகவே ஆகிவிட்டார்கள். ஆகையால், அயல்நாட்டவர் என்று ஒருவரைப் பிடித்து, அவரை அவர் தேசத்துக்கு அனுப்பும் வரையில் அடைத்து வைத்திருக்கும் காவலானது எவ்வளவு காலம் நீடிக்கலாம் என்னும் கேள்வி, இப்பிரதேசத்துக் குடும்பங்களுக்கு இரண்டு திசைகளிலிருந்தும் வந்து சேருகிறது. இந்த அதிகாரம் அக்கேள்விக்கு விடை கூறவும், அப்படிப்பட்ட சங்கடத்தில் அகப்பட்ட குடும்பத்தார் எதை முதலில் செய்ய வேண்டும் என்பதை வரிசைப்படுத்திக் காட்டவும் எழுதப்படுவது.

முதலில் அடிப்படையான நியாயத்தைச் சொல்லிவிடுவோம். குற்றத்துக்காக விதிக்கப்படும் சிறைவாசம் தன்னளவிலேயே ஒரு தண்டனை. அதற்கு நீதிபதி குறித்த கால அளவு உண்டு. நாடுகடத்தலுக்கு முந்திய காவலோ தண்டனை அன்று. ஒருவரை வெளியே அனுப்புவதாகிய காரியத்துக்குத் துணையாக நிற்பதொன்றே அதன் பிரயோஜனம். குறுவைக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிற காலத்தில் ஒரு வாய்க்காலின் மதகை அடைக்கிறார்கள் என்றால், அடுத்த வாய்க்காலில் நீர் ஏற வேண்டும் என்பதற்காக அடைக்கிறார்கள். ஏற வேண்டிய அந்த வாய்க்கால் தூர்ந்து கிடக்கும்போதும் மதகை அடைத்தே வைத்திருந்தால் அதைப் பாசனம் என்று எந்த மிராசுதாரரும் ஒப்புக்கொள்ளமாட்டார். அனுப்பும் வழி திறந்திருக்கிறதா, அவ்வழியில் அதிகாரிகள் உண்மையாகவே காரியம் செய்துவருகிறார்களா என்ற இரண்டையும் விசாரிப்பதே இவ்விஷயத்தின் உயிர்நிலை.

1. எந்தச் சட்டத்தின் கீழ் வைத்திருக்கிறார்கள்?

இந்தியாவில் அயல்நாட்டவரைப் பற்றிய அதிகாரம் நெடுங்காலம் 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்திலிருந்து பிறந்தது. அதன் 3ஆம் பிரிவு, வெளிநாட்டவர் ஒருவரை நாட்டைவிட்டுப் போகச் சொல்லவும், இன்ன இடத்தில்தான் வசிக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கவும், அவருடைய நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தவும் மத்திய அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுத்தது. 1958இல் அவ்வதிகாரங்கள் மாநில அரசாங்கங்களுக்கும் ஒப்படைக்கப்பட்டன. அச்சட்டத்தையும் அதனோடு சேர்ந்த வேறு மூன்று சட்டங்களையும் நீக்கி, 2025ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் தேதி முதல் அமலுக்கு வந்துவிட்டது. எனவே, கையில் கிடைக்கும் உத்தரவு பழைய சட்டத்தைச் சுட்டுகிறதா, புதிய சட்டத்தைச் சுட்டுகிறதா என்பதை வக்கீலைப் பார்க்கப் போகுமுன்பே கவனித்து வைக்க வேண்டும். 2015 ஜனவரி 9ஆம் தேதி வரையில் இங்கு அடைக்கலம் புகுந்து, முறைப்படி பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாத காரணத்துக்காக மட்டும் நடவடிக்கை எடுக்காதபடி புதிய சட்டத்தின் கீழ் விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் உறவினர் அறிந்திருக்க வேண்டும். பதிவுச் சீட்டு இருக்குமானால் அதன் நகல் பெட்டியில் இருக்கும் மற்ற எல்லாக் காகிதங்களையும்விட விலையுயர்ந்தது.

இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இன்னொரு சட்டமும் உண்டு. 1980ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம், வெளிநாட்டவர் ஒருவரை நாட்டைவிட்டு வெளியேற்றும் ஏற்பாட்டுக்காகவும் தடுப்புக்காவலில் வைக்கலாம் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. ஆனால் அச்சட்டத்தின் கீழ் வைத்தால் காரணங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். மூன்று வாரத்துக்குள் ஆலோசனைக் குழுவின் முன் விஷயத்தை வைக்க வேண்டும். எப்படியிருந்தாலும் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அவ்வுத்தரவு நில்லாது. வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ்ப் பிறப்பிக்கப்படும் 'இன்ன இடத்தில் வசிக்க வேண்டும்' என்னும் உத்தரவுக்கோ ஆலோசனைக் குழுவும் இல்லை, கால வரம்பும் இல்லை. கடுமையானது என்று பெயர் பெற்ற சட்டத்தில் ஓர் எல்லை இருப்பதும், சாதாரண நிர்வாக உத்தரவில் அது இல்லாதிருப்பதும் விசித்திரந்தான். நெடுங்காவல் வழக்குகளில் ஏறத்தாழ எல்லாச் சிக்கலும் இந்த வித்தியாசத்திலிருந்தே தோன்றுகிறது.

2. திருச்சிச் சிறப்பு முகாம்

தஞ்சாவூரிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டரில், திருச்சி மத்திய சிறை வளாகத்தில் இருக்கும் சிறப்பு முகாமே இப்பகுதியாருக்கு நேரில் தெரிந்த உதாரணம். சிறப்பு முகாமை, 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றப்பட்ட சாதாரண அகதி முகாம்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது. மறுவாழ்வு முகாமில் இருப்பவர் வேலைக்குப் போய்வரலாம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாம். சிறப்பு முகாமில் இருப்பவர் வாயிலுக்கு வெளியே தம் விருப்பப்படி ஓர் அடியும் வைக்க இயலாது. 1990களின் தொடக்கத்தில் வேலூர்க் கோட்டையில் இத்தகைய முகாம் இருந்தது. செங்கற்பட்டிலும் பூவிருந்தவல்லியிலும் பின்னர் இருந்தன. திருச்சி முகாமில் இலங்கைத் தமிழரேயன்றி வேறு நாட்டவரும் வைக்கப்பட்டு வந்திருக்கிறார்கள். சிறைத்துறை அன்றி வருவாய்த்துறையே இதை நிர்வகிக்கிறது, காவல் போலீசாருடையது. இந்தப் பாகுபாட்டை மனத்தில் வைத்தால்தான் யாருக்கு மனு எழுதுவது என்பது விளங்கும்.

இம்முகாமுக்கு ஒருவர் வந்து சேரும் வழி பெரும்பாலும் ஒரே மாதிரியானது. ஏதோ ஒரு குற்ற வழக்கில் அவருக்கு ஜாமீன் கிடைக்கிறது, அல்லது தண்டனைக் காலம் முடிகிறது; உறவினர் வேட்டி துண்டோடு சிறை வாசலில் காத்திருக்க, அவர் கையில் மாநில அரசாங்கத்தின் உத்தரவொன்று கொடுக்கப்பட்டு, வாசலிலிருந்தே முகாமுக்கு அழைத்துச் செல்லப்படுகிறார். ஜாமீன் உத்தரவு பொய்யன்று. முகாம் உத்தரவு தனி. இரண்டையும் தனித்தனியே எதிர்கொள்ள வேண்டும் என்று அறியாத குடும்பங்கள், கிடைத்துவிட்ட ஜாமீனுக்காகவே மறுபடியும் வக்கீலுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருப்பதுண்டு.

தமிழ்நாடு முழுவதும் அறிந்த நிகழ்ச்சி ஒன்றை இங்கே நினைவுகூரலாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்றவர்களுள் எஞ்சியிருந்த ஆறு பேரை உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 11ஆம் தேதி விடுதலை செய்தது. அவர்களுள் இலங்கையரான முருகன், சாந்தன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் ஆகிய நால்வரும் வீட்டுக்குப் போகவில்லை. திருச்சிச் சிறப்பு முகாமுக்கே கொண்டுவரப்பட்டார்கள். இலங்கையின் பயண ஆவணமும் இந்தியாவின் வெளியேற்ற அனுமதியும் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்த நிலையில் மாதங்கள் கடந்தன. ஊர் திரும்பும் ஏற்பாடு கைகூடிவந்த சமயத்தில், நோய்வாய்ப்பட்டிருந்த சாந்தன் 2024 பிப்ரவரி 28ஆம் தேதி சென்னை அரசு மருத்துவமனையில் காலமானார். மற்ற மூவரும் அவ்வாண்டு ஏப்ரல் 3ஆம் தேதி கொழும்புக்கு அனுப்பப்பட்டார்கள். அவ்வழக்கைப் பற்றிய அபிப்பிராயம் யாருக்கு எப்படியிருப்பினும், நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் விடுவித்த பிறகு ஏறத்தாழ 17 மாதங்கள் காவல் நீடித்தது என்பதும், அத்தனை பேர் கண்ணும் பதிந்திருந்த வழக்கிலேயே அப்படி நேர்ந்தது என்பதும், பெயர் தெரியாத ஓர் ஏழையின் காகிதம் எத்தனை காலம் மேசையில் கிடக்கக்கூடும் என்பதை உணர்த்தும்.

3. நீதிமன்றங்கள் வகுத்த நிலை

ஆசையாலும் பரிதாபத்தாலும் சட்டத்தை மிகைப்படுத்திக் கூறுவது வழிகாட்டிக்கு அழகன்று. ஆகவே நமக்குப் பாதகமானவற்றையே முன்னதாகச் சொல்கிறேன். ஜெர்மானியரான ஹான்ஸ் முல்லர் தொடுத்த வழக்கில் 1955இல் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டவரை வெளியேற்றும் விஷயத்தில் அரசாங்கத்துக்குள்ள அதிகாரம் பூரணமானது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு இன்றளவும் எடுத்தாளப்படுகிறது. நாட்டில் எங்கும் வசித்துக் குடியமரும் உரிமை, அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, பிரஜைகளுக்கே உரியது. சிறப்பு முகாமில் வைப்பது சட்டப்படி காவல் ஆகாது, நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவதே ஆகும் என்ற வாதத்தை 1990களிலிருந்து சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் ஏற்றிருக்கிறது. 2025 மே 19ஆம் தேதி, தண்டனை முடிந்தும் ஏறத்தாழ மூன்றாண்டுகளாக முகாமில் இருந்துவந்த இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எல்லா நாட்டவரையும் ஏற்று உபசரிக்க இத்தேசம் ஒரு தர்மசாலை அன்று என்னும் கருத்து அன்று நீதிபதிகளால் கூறப்பட்டது. ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம் போன்ற தர்மங்களை வழிப்போக்கருக்காகக் கட்டிவைத்த சீமைக்காரர்களாகிய நமக்கு அச்சொல் உறுத்தலாம். எனினும் மனு எழுதுகிறவர் அதை மறந்து எழுதலாகாது.

சாதகமானவையும் குறைவல்ல. உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் 21ஆவது பிரிவு பிரஜைகளுக்கு மட்டும் உரியதன்று, மனிதராகிய எவருக்கும் உரியது என்பதை உச்ச நீதிமன்றம் 1996இல் சக்மா மக்களின் வழக்கில் உறுதிப்படுத்தியது. தண்டனை முடிந்த வெளிநாட்டவரைச் சிறைக்குள்ளேயே வைத்திராமல், வெளியே தகுந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று 2012இல் அது இட்ட ஆணையின் பேரில் மத்திய உள்துறை மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அசாமில் வெளிநாட்டவர் என்று தீர்மானிக்கப்பட்டுக் காவலில் கிடந்தவர்களைப் பற்றி 2019 மே 10ஆம் தேதி பிறப்பித்த உத்தரவில், மூன்றாண்டு கடந்தவர்களை, தலா ஒரு லட்ச ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர், சரிபார்த்த விலாசம், வாரந்தோறும் காவல் நிலையத்தில் ஆஜராதல் முதலான நிபந்தனைகளோடு விடலாம் என்று கூறியது. பெருந்தொற்றுக் காலமாகிய 2020 ஏப்ரலில் அக்காலம் இரண்டாண்டாகவும், ஜாமீன் தொகை 5,000 ரூபாயாகவும் குறைக்கப்பட்டது. தண்டனை முடிந்து ஏழாண்டு சென்றும் பாகிஸ்தான் தன் குடிமகன் என்று ஏற்காத காரணத்தால் தில்லியில் காவலில் கிடந்த ஒருவரை, 2022இல் அதே நீதிமன்றம் இந்தியாவிலிருக்கும் அவர் குடும்பத்தாரிடம் போகவிட்டது. நமக்கு இன்னும் அணித்தாக, கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருந்த மலையகத் தமிழர் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஜூன் மாதம், நாடற்றவராக அவர்களைக் கண்காணிப்பின் கீழ் நெடுங்காலம் வைத்திருப்பது 21ஆவது பிரிவுக்கு விரோதமானது என்று கண்டது.

இவ்விரு வரிசைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். 'எனக்கு இங்கே இருக்க உரிமை உண்டு' என்று தொடங்கிய மனுக்கள் பெரும்பாலும் தோற்றன. 'என்னை அனுப்ப முடியவில்லை, அனுப்ப முயலவுமில்லை, ஆயினும் அடைத்து வைத்திருக்கிறார்கள்' என்பதைத் தேதிவாரியாகக் காட்டிய மனுக்களுக்குச் செவி கிடைத்தது.

4. நான்கு கேள்விகள்

காவலின் நியாயத்தை அளக்க உலக நீதிமன்றங்கள் பல கைக்கொள்ளும் அளவுகோல், நம் நாட்டுக்காரர் ஒருவரின் வழக்கிலிருந்தே பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஹர்தியால் சிங் என்ற இந்தியர் இங்கிலாந்தில் தண்டனையை முடித்த பின்பும், நாடுகடத்தல் உத்தரவின் பேரில், 1983 ஜூலை முதல் டர்ஹம் சிறையில் வைக்கப்பட்டிருந்தார். இந்தியத் தூதரகத்திலிருந்து வரவேண்டிய பயண ஆவணத்துக்கு அதிகாரிகள் சுறுசுறுப்போடு முயலவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் நீதிபதி உல்ப் கூறிய தீர்ப்பைப் பின்வந்தவர்கள் நான்கு கேள்விகளாக வகுத்துக்கொண்டார்கள்: காவல் வெளியேற்றும் நோக்கத்துக்காக மட்டும் பயன்படுகிறதா? நீடித்த காலம் நியாயமான அளவுக்குள் அடங்குமா? நியாயமான காலத்துக்குள் அனுப்ப இயலாது என்பது தெரிந்துவிட்டதா? அதிகாரிகள் உரிய ஊக்கத்தோடு காரியம் பார்த்தார்களா? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001இல் ஆறு மாதத்தை ஓர் எல்லைக்கல்லாக நட்டு, அதற்குப் பின், அனுப்பும் வாய்ப்பில்லை என்று கருதத் தக்க காரணத்தைக் காவலில் இருப்பவர் காட்டினால், அரசாங்கம் அதை மறுத்துக் காட்ட வேண்டும் என்றது. ஐரோப்பிய யூனியனின் 2008ஆம் ஆண்டு விதி, எவ்வளவு இழுத்தாலும் பதினெட்டு மாதத்தோடு நின்றுவிடுகிறது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், கால வரம்பற்ற காவலும் செல்லும் என்று 2004இல் கூறியதை 2023 நவம்பரில் தானே மாற்றிக்கொண்டது. இந்துமாக்கடலின் நடுவே டீகோ கார்சியாத் தீவில் 2021 அக்டோபரில் படகு பழுதாகிக் கரை சேர்ந்த இலங்கைத் தமிழர் மூன்றாண்டுகளுக்கு மேல் அங்கே முகாமில் வைக்கப்பட்டிருந்தது சட்டவிரோதமான காவலே என்று, அப்பிரதேசத்துக்குரிய நீதிமன்றம் 2024 டிசம்பர் 16ஆம் தேதி தீர்ப்பளித்தது. அவர்களை அடைத்தவர்களும் 'இது காவல் அன்று' என்றே வாதாடினார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

அயல்நாட்டுத் தீர்ப்புகள் இங்கே கட்டுப்படுத்தா; ஆனால் அந்நான்கு கேள்விகளை நம் மனுவின் எலும்புக்கூடாக அமைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

5. குடும்பத்தார் செய்ய வேண்டியவை

முதலாவது, உத்தரவின் நகல். காவலில் இருப்பவரைப் பார்க்கப் போகும் முதல் நாளிலேயே, அவருக்குக் கொடுக்கப்பட்ட உத்தரவின் எண், தேதி, எந்தத் துறை, எந்தச் சட்டப்பிரிவு என்ற நான்கையும் எழுதிக்கொண்டு வர வேண்டும். கொடுக்கப்படவில்லை என்றால் அதுவே ஒரு குறைபாடு. முகாமின் பொறுப்பிலுள்ள துணை ஆட்சியருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் நகல் கேட்டு எழுதுக.

இரண்டாவது, தேதிக் குறிப்பேடு. ஒரு நோட்டுப் புத்தகத்தில், கைது, ஜாமீன், தண்டனை முடிவு, முகாமுக்கு வந்த நாள், தூதரகத்துக்கு அதிகாரிகள் எழுதிய நாள், பதில் வந்த நாள், நினைவூட்டல் போன நாள் என்று வரிசையாகப் பதிவு செய்க. இரண்டு தேதிகளுக்கிடையே ஒன்றுமே நடவாத மாதங்கள் எத்தனை என்பது அதில் தானே வெளிப்படும். வக்கீலுக்கு இதைவிடச் சிறந்த ஆயுதம் கொடுக்க முடியாது.

மூன்றாவது, தாமதத்தின் காரணத்தைக் கண்டறிதல். சொந்த நாடு தன் பிரஜை என்று ஒப்புக்கொள்ளாமை ஒரு காரணம். இங்கே குற்ற வழக்கு முடியாதிருப்பது ஒரு காரணம். திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து என்று அவரே அஞ்சுவது ஒரு காரணம். பயண ஆவண விண்ணப்பத்தில் அவர் கையெழுத்திட மறுப்பது இன்னொரு காரணம். முதற்காரணத்தில் நீண்ட காவல் அரசாங்கத்துக்கு எதிராக நிற்கும். கடைசிக் காரணத்திலோ அவருக்கு எதிராகவே திரும்பும். வழக்கு முடியாமை காரணமானால், அதை விரைந்து முடிக்கும்படி விசாரணை நீதிமன்றத்தை அணுகுவதே குறுக்கு வழி. உயிரச்சம் உடையவர், வாசித்துப் புரிந்துகொள்ளாத எந்தச் சம்மதக் கடிதத்திலும் கையொப்பமிடலாகாது. இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடாயினும், சென்னையிலிருக்கும் ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் அலுவலகத்துக்குத் தம் நிலையைத் தெரிவிப்பது நன்று.

நான்காவது, தகவல் உரிமை மனு. 2005ஆம் ஆண்டின் சட்டப்படி இந்தியப் பிரஜைகளே இம்மனுவைப் போட முடியும்; ஆகையால் முகாமில் இருப்பவர் பேரில் போடாமல், இந்தியராகிய மனைவியோ மைத்துனரோ போட வேண்டும். சாதாரணமாகப் பதிலுக்கு 30 நாள் அவகாசம். ஒருவருடைய உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது 7ஆம் பிரிவு. மனுவின் முதல் வரியிலேயே அப்பிரிவைக் குறிப்பிட்டு, 'பயண ஆவணத்துக்காக எந்தெந்தத் தேதியில் யாருக்கு எழுதப்பட்டது' என்று மட்டும் சுருக்கமாகக் கேட்டால் போதும்.

ஐந்தாவது, இலவசச் சட்ட உதவி. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவாயினும், இலவச வக்கீல் உதவி அளிக்கிறது. பிரஜையா இல்லையா என்று அது கேட்பதில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகங்களிலும் வட்ட நீதிமன்றங்களிலும் இதற்கான அலுவலகம் உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

ஆறாவது, உயர் நீதிமன்றம். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டத்தார் தம் ஊர் வழக்குகளுக்குச் சென்னைக்குப் போய்ப் பழகியவர்கள். தஞ்சாவூரும் திருச்சியுமோ மதுரைக் கிளையின் எல்லைக்குள் அடங்குவன. முகாம் திருச்சியில் இருப்பதால், அங்கிருப்பவருக்காக மதுரைக் கிளையை அணுகலாம். ஆட்கொணர்வு மனுவை உறவினரே தாக்கல் செய்யலாம். ஆனால் 'இது காவலே அன்று' என்ற பழைய வாதத்தால் அம்மனு அடிபடக்கூடுமாதலால், அனுபவமுள்ள வக்கீல்கள் நீதிப்பேராணை மனுவில் படிப்படியாகப் பரிகாரம் கேட்பார்கள்: உத்தரவை ரத்து செய்ய வேண்டும், இல்லையேல், இன்ன காலத்துக்குள் அனுப்பிவிட வேண்டும் என்று தவணை குறிக்க வேண்டும், தவணை தவறினால், மறுவாழ்வு முகாமிலோ உறவினர் இல்லத்திலோ நிபந்தனையோடு வசிக்க விட வேண்டும். மூன்றாவது பரிகாரத்துக்கு அசாம் உத்தரவின் நிபந்தனைகளை முன்மாதிரியாகக் காட்டி, ஜாமீன் நிற்க முன்வருபவரின் ஆதார் அட்டை, வீட்டு வரி ரசீது, நிலமிருந்தால் பட்டா ஆகியவற்றை முன்கூட்டியே மனுவோடு இணைத்துவிடுவது புத்திசாலித்தனம். நீதிமன்றத்துக்குப் போகுமுன் அரசாங்கத்துக்கு முறையீடு ஒன்று அனுப்பி, அதன் ஒப்புகை அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதை மறவற்க.

ஏழாவது, உடல்நலம். நோயுள்ளவரானால், மருந்துச் சீட்டுகளையும் பரிசோதனை அறிக்கைகளையும் நகலெடுத்து வெளியே வைத்திருங்கள். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டதற்குச் சாட்சி இராது.

6. நம்மவர் வெளிநாட்டில் அகப்பட்டால்

மல்லிப்பட்டினம், நாகப்பட்டினம், கோடியக்கரை மீனவர் இலங்கைக் கடற்படையால் பிடிபட்டால், யாழ்ப்பாணத்துப் பக்கத்து நீதவான் நீதிமன்றம் விடுவித்த பிறகும் உடனே ஊர் திரும்புவதில்லை; குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடம் ஒப்படைக்கப்பட்டு, கொழும்புக்கு அருகிலுள்ள மிரிகானை முகாமில் வைக்கப்பட்டு, இந்தியத் தூதரகம் அவசரப் பயணச் சான்று கொடுத்ததும் விமானத்தில் சென்னைக்கு வருகிறார்கள். 'கோர்ட்டு விட்டும் ஏன் வரவில்லை' என்று கலங்கும் வீட்டார், அவர் இருப்பது சிறையா, மிரிகானையா என்பதை மீன்வளத்துறை அலுவலகம் மூலமாகவும் யாழ்ப்பாணத்து இந்தியத் துணைத் தூதரகம் மூலமாகவும் உறுதி செய்துகொண்டால் பாதிக் கவலை தீரும். ஆதார் அட்டை, மீனவர் அடையாள அட்டை ஆகியவற்றின் நகலைத் தாமதமின்றி அனுப்பினால், குடியுரிமையைச் சரிபார்க்கும் வேலை விரைவில் முடியும்.

மலேசியாவில் விசாக் காலம் கடந்து பிடிபட்டவர் நிலை வேறு. அங்கே குடிநுழைவுத் துறைத் தடுப்பு முகாமை நம்மவர் 'டிப்போ' என்பர். 1959/63ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, வெளியேற்றுவதற்குத் தேவையான காலம் வரையில் வைத்திருக்கலாம் என்கிறதேயன்றி நாள் கணக்குச் சொல்வதில்லை. பிரஜையல்லாதவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப் பதினான்கு நாள் வரை அவகாசம் உண்டு. அங்கே காவல் நீள்வதற்குப் பெரும்பாலும் காரணமாவது, கடவுச்சீட்டு முதலாளியிடம் மாட்டிக்கொண்டிருப்பதும், விமானச் சீட்டுக்குப் பணம் இல்லாமையுமே. ஆகவே கடவுச்சீட்டின் நகலையும் பிறப்பிடச் சான்றையும் இந்தியத் தூதரகத்துக்கு அனுப்பி அவசரச் சான்று கேட்பதும், தமிழ்நாட்டு அயலகத் தமிழர் நலத்துறையில் மனுக் கொடுப்பதும் ஒரே நாளில் நடக்க வேண்டியவை. தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்பது, 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவு கைதானவருக்கு அளித்த உரிமை. அதைக் கேட்கப் பயப்பட வேண்டியதில்லை என்று வெளிநாடு புறப்படும் பிள்ளைக்கு முன்னதாகவே சொல்லி அனுப்புங்கள்.

7. வெளியே வந்த பின்பு

நிபந்தனையோடு விடுவிக்கப்பட்டவர் பூரண சுதந்திரம் பெற்றவர் அல்லர். வாரந்தோறும் கையெழுத்திடச் சொன்ன நாளில் காவல் நிலையத்துக்குப் போவது, விலாசம் மாறினால் முன்னதாக எழுதித் தெரிவிப்பது, மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்று இருந்தால் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கோ உறவினர் கல்யாணத்துக்கோ கூட அனுமதி பெற்றே போவது ஆகிய இவற்றில் ஒன்று தவறினாலும் முந்திய உத்தரவு மறுபடி உயிர் பெறும். அத்துடன், அடுத்த முறை ஜாமீன் நிற்க வருபவரும் பின்வாங்குவார். கையெழுத்திட்ட ஒவ்வொரு முறையும் தேதியை அதே நோட்டுப் புத்தகத்தில் குறித்து, ஆறு மாதம் தவறாமல் நடந்துகொண்ட பிறகு, அப்பதிவை ஆதாரமாக இணைத்து நிபந்தனையைத் தளர்த்தும்படி மனுச் செய்யலாம். அம்மனுவைத் தயாரிக்கும் முறையையும், அதில் சேர்க்க வேண்டிய பத்திரங்களையும் அடுத்த அதிகாரத்தில் காண்க.